கோத்தகிரியில் விடுதியின் தார்ப் பாதையையும் கார் நிறுத்தும் இடத்தையும் சீசனுக்கு முன் சரிசெய்ய எப்படித் திட்டமிடுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: ரோட்டிலிருந்து விடுதிக்கு இறங்கும் தார்ப் பாதையும், பத்து கார் நிற்கும் இடமும் பெயர்ந்து குழியாகிவிட்டன. ஏப்ரலுக்குள் சரியாக வேண்டும். கான்ட்ராக்டர் "பழசுக்கு மேலேயே ஒரு கோட் இழுத்துவிடலாம்" என்கிறார்.

குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டடம், பாதை பராமரிப்பைக் கவனிக்கிறேன். ஃபேக்டரி முற்றம், பங்களாவுக்குப் போகும் வழி, லாரி திரும்பும் இடம் என்று வருடா வருடம் ஏதாவது ஒரு பக்கம் தார் வேலை இருக்கும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கான்ட்ராக்டருக்கு இன்னும் சம்மதம் சொல்லாதீர்கள். உங்கள் இடத்தில் ஓடுவது பெரும்பாலும் கார். கார் ஓடி மட்டும் ஒரு தளம் இப்படிக் குழியாகாது. அடியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மேலே எத்தனை கோட் போட்டாலும் அடுத்த ஐப்பசி மழையில் அதே இடத்தில் பெயரும்.

அதனால் வேலையை வெயில் காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பார்வையிடுவதை மழையில் செய்யுங்கள். கோத்தகிரி தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருப்பதால் உங்களுக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்குப் பருவமழைதான். நல்ல மழை பெய்யும்போது குடையோடு போய் நில்லுங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, மேல் ரோட்டுத் தண்ணீர் உங்கள் கேட் வழியாக உள்ளே வருகிறதா, எந்த மூலையில் தேங்குகிறது என்று பாருங்கள். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் ஈரம் கசிகிற விரிசல்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் வீடியோ எடுத்து வைத்தால் பிப்ரவரியில் காய்ந்த தளத்தைப் பார்த்துக் கணக்குப் போடும் மேஸ்திரிக்குக் காட்டலாம். மழைக்காலத்தைத் தவறவிட்டிருந்தால் ஹோஸ் பைப்பை மேல் முனையில் அரை மணி நேரம் திறந்துவிட்டுப் பாருங்கள். முழு விவரம் கிடைக்காது, ஆனால் பள்ளம் எங்கே என்று தெரிந்துவிடும்.

அப்புறம் விரிசல்களைப் பாருங்கள். தனித்தனியாக ஓடும் மெல்லிய கோடுகள் பரவாயில்லை, சுத்தம் செய்து தார் ஊற்றி அடைத்தால் போதும். முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் அடித்தளம் போய்விட்டது என்று அர்த்தம். அங்கே ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு சின்னக் குழி தோண்டச் சொல்லுங்கள். அடியில் இருக்கும் ஜல்லி சேறோடு கலந்திருந்தால் அந்தப் பகுதியை முழுதாக அள்ளிவிட்டு, புது ஜல்லி போட்டு இறுக்க வேண்டும். குழிக்குள் தண்ணீர் ஊறி வந்தால் அது ஊற்றுத் தண்ணீர். நம் பக்கச் செம்மண் சரிவை வெட்டிச் சமன் செய்த இடங்களில் இது அடிக்கடி நடக்கும். மேட்டுப் பக்கமாக ஒரு வாய்க்கால் வெட்டி, துளை போட்ட பைப் வைத்து, மேலே கல் நிரப்பி அந்தத் தண்ணீரை வெளியே கொண்டுபோக வேண்டும். தார் அதற்குப் பிறகுதான்.

இன்னொரு விரிசல் இருக்கிறது. பள்ளத்துப் பக்க ஓரத்துக்கு இணையாக, பிறை வடிவில் வளைந்து ஓடி, வெளிப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தால் தார் வேலையைப் பற்றியே யோசிக்காதீர்கள். மண் நகர ஆரம்பித்திருக்கலாம். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் நடந்த மண்சரிவுகளைப் பார்த்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விரிசலுக்குள் தண்ணீர் இறங்காமல் உடனே அடைத்து, மேலிருந்து வரும் தண்ணீரைத் திருப்பிவிட்டு, அந்த ஓரத்தில் கார் நிறுத்துவதை நிறுத்துங்கள். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு மண், அடித்தளம் தெரிந்த ஒரு பொறியாளரை வரவழைத்துக் காட்டுங்கள்.

மண்ணைப் பெரிதாக வெட்ட வேண்டியிருந்தால் அனுமதி விஷயத்தை முதலிலேயே தொடங்கிவிடுங்கள். நீலகிரியில் ஜேசிபி போன்ற இயந்திரம் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வேர் தளத்தைத் தூக்குகிறது என்று சில்வர் ஓக்கை வெட்ட நினைத்தால் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் பாதை பொது ரோட்டில் சேரும் இடத்தில் ஓடையை மூடியோ பைப் போட்டோ வேலை செய்வதென்றால், அந்த ரோடு யாருடையதோ அவர்களிடம் கேட்க வேண்டும். இந்தக் காகிதங்கள் கையில் வரக் காலம் எடுக்கும், அதற்கேற்ப முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

வேலைக்கான நாட்கள் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. ஜனவரியில் காலைக் குளிர் அதிகம். ஏப்ரலில் மதியத்துக்கு மேல் கோடை மழை வரும், மலைப்பாதையில் வண்டி நெரிசலும் தொடங்கிவிடும், லாரி நேரத்துக்கு வந்து சேராது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிமுறைப்படி, தளம் ஈரமாக இருக்கும்போதும், மழையிலும் மூடுபனியிலும், 10 டிகிரிக்குக் கீழே குளிரும்போதும் தார் விரிக்கக் கூடாது. மலையில் இந்த நான்கும் ஒரே காலையில் சேர்ந்து வரும். ஆகவே காலை பத்து பத்தரைக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் ரோலர் ஓடி முடிகிற அளவுக்கு மட்டும் ஒரு நாள் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். விடுதியும் நடக்க வேண்டுமே, அதனால் பாதி இடத்தை ஒரு வாரம், மறு பாதியை அடுத்த வாரம் என்று வார நாட்களில் வைத்துக்கொள்ளலாம்.

இனி எந்த வகைத் தார் வேலை என்பது. பிளான்ட்டில் சூடாகக் கலந்து லாரியில் வரும் ஹாட் மிக்ஸ் நல்லதுதான், ஆனால் கீழேயிருந்து டிப்பரில் வளைவு வளைவாக ஏறி வருவதற்குள் சூடு இறங்கும். விரிக்கும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது, 100க்கு இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிந்துவிடுவது நல்லது. தார்ப்பாய் போட்டு மூடித்தான் வர வேண்டும், இறக்கும் முன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மெல்லிய அடுக்கு மலைக்காற்றில் நிமிடங்களில் ஆறிவிடும் என்பதால், ஹாட் மிக்ஸ் என்றால் இறுகிய பிறகு 40 மில்லிமீட்டர் நிற்கட்டும். உங்கள் பாதையும் நிறுத்துமிடமும் சேர்த்து சுமார் 300 சதுர மீட்டர் வரும் என்று வைத்துக்கொண்டால், அதற்கு ஏறக்குறைய 28 டன் கலவை வேண்டும். அரை லோடு, கால் லோடுக்கு யாரும் மலை ஏற மாட்டார்கள். பக்கத்து விடுதியோ எஸ்டேட்டோ அதே வாரம் வேலை வைத்தால் சேர்ந்து எடுங்கள்.

அது அமையாவிட்டால் தாரையும் சின்ன ஜல்லியையும் இடத்திலேயே கலந்து போடும் 20 மில்லிமீட்டர் பிரிமிக்ஸும், அதன் மேல் தண்ணீர் இறங்காமல் அடைக்கும் மெல்லிய சீல் கோட்டும். கார் நிற்கும் இடத்துக்கு இது போதும், அடித்தளம் சரியாக இருந்தால். இங்கேதான் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். சீல் கோட்டையும் சேர்த்து, 10 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 21 கிலோ தார் ஆகும். 300 சதுர மீட்டருக்கு 640 கிலோ, அதாவது நான்கு டிரம்முக்கு மேல். பிரிமிக்ஸ் ஜல்லி மட்டும் மூன்று யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி) அளவு வரும். இரண்டு டிரம்மோடு லாரி வந்து நின்றால் அங்கேயே பேசிவிடுங்கள். தாரை விறகு வைத்துக் காய்ச்சும்போதும் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். அளவு மீறிக் காய்ந்து புகை கக்கிய தார் பசையை இழந்துவிடும், அது சீக்கிரம் வெடிக்கும். இளக்குவதற்கு மண்ணெண்ணெய், டீசல் ஊற்ற விடாதீர்கள்.

குழி அடைப்பதில் ஒரே ஒரு விஷயத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். குழியைச் சுற்றி நல்ல தளம் வரும் வரை சதுரமாக, ஓரம் நேராக நிற்கும்படி வெட்ட வேண்டும். உள்ளே இருக்கும் தூசியும் ஈரமும் போய், அடியிலும் பக்கங்களிலும் எமல்ஷன் (தண்ணீரோடு கலந்து வரும் தார்) பூசி, அது கறுத்த பிறகுதான் கலவை போட வேண்டும். எமல்ஷன் ஊற்றும்போது பழுப்பாக இருக்கும், தண்ணீர் பிரிந்ததும் கறுப்பாகும். பழுப்பாக இருக்கும்போதே கொட்டினால் ஒட்டாது. ஆழமான குழியை ஒரே தடவையில் நிரப்பாமல் இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இறுக்கச் சொல்லுங்கள்.

சமதளமான நிறுத்துமிடம் என்று சொன்னாலும் மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு கட்டாயம், அந்தச் சரிவு கட்டடத்துக்கு எதிர்ப் பக்கமாக. பழசுக்கு மேலேயே கோட் இழுப்பதில் எனக்குள்ள இன்னொரு பயம் இதுதான். தளம் உயர்ந்துவிட்டால் தண்ணீர் வராந்தாவைப் பார்த்துத் திரும்பும். கேட்டிலிருந்து இறங்கும் பாதை ரொம்பச் செங்குத்தாக இருந்தால், அந்தத் துண்டை மட்டும் கோடு கிழித்த கான்கிரீட்டாகப் போடுவதை நான் விரும்புவேன். பிரேக் பிடிக்கிற இடத்தில் தார் சுருண்டு நகரும், பனி படிந்த காலையில் டயரும் வழுக்கும்.

கொட்டேஷனில் "தார் வேலை, மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரி இருந்தால் திருப்பிக் கொடுங்கள். எத்தனை சதுர மீட்டர், ரோலர் ஓடிய பிறகு எத்தனை மில்லிமீட்டர் கனம், எந்த ரகத் தார், சீல் கோட் உண்டா, ஓடை வேலை யார் பொறுப்பு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பணத்தில் பத்தில் ஒரு பங்கை முதல் நல்ல மழைக்குப் பிறகு கொடுப்பதாகத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். நல்ல கான்ட்ராக்டர் இதற்கு ஒத்துக்கொள்வார்.

போட்டு முடித்த பிறகு ஒரு முழு நாளாவது வண்டி ஏறக் கூடாது. ராத்திரி காட்டெருமை வந்துபோகும் இடமென்றால் சுற்றிலும் கட்டை வைத்து அடையுங்கள், அதன் எடைக்குப் புதுத் தார் தாங்காது. முதல் சில வாரம் நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டாம் என்று டிரைவர்களிடம் சொல்லிவையுங்கள். டீசல், ஆயில் ஒழுகினால் உடனே மணல் போட்டு அள்ளிவிடுங்கள், அது தாரைக் கரைக்கும்.

இதைப் படிக்கிறவர் கூடலூர், நடுவட்டம் பக்கமென்றால், அங்கே பெருமழை ஜூனில் தொடங்கிவிடும். பார்வையிடுவதை ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள். தார் போடும் நாட்கள் உங்களுக்கும் அதே பிப்ரவரி, மார்ச்தான்.