பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் எந்நேரமும் ஹெவி மெட்டல் பாட்டுத்தான் கேட்கிறான். அறைச் சுவர் முழுக்க மண்டை ஓட்டுப் படம். இப்படிக் கத்துகிறவர்களுக்கெல்லாம் வீடு, மனைவி, பிள்ளை என்று ஏதாவது உண்டா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: உண்டு அம்மா. மின் கிடாரும் டிரம்மும் அதிர முழங்கும் இந்த இசையை நேசித்துக் கேட்கிறவன் நான். மெட்டாலிக்கா குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டைப் பற்றி உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள்.

ஜேம்ஸ் சிறுவனாக இருந்தபோதே அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மாவுக்குப் புற்றுநோய். மருந்து வேண்டாம், ஜெபம் போதும் என்று நம்பும் கிறிஸ்டியன் சயன்ஸ் சபையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். 1980இல் அம்மா இறந்தபோது பையனுக்கு வயது 16. பின்னாளில் அந்த அம்மாவை நினைத்து எழுதிய 'மாமா செட்' ('அம்மா சொன்னாள்') பாட்டில் கத்தலே கிடையாது, நீங்களும் கேட்கலாம்.

அப்படி வளர்ந்தவர் தன் பிள்ளைகளுக்காவது பக்கத்தில் இருந்தாரா? ஆரம்பத்தில் இல்லை. குடி ஒரு பக்கம். மகனின் முதல் பிறந்தநாளுக்குக்கூட வீட்டில் இல்லாமல் ரஷ்யாவில் கரடி வேட்டையில் இருந்தார். 2001இல் சிகிச்சைக்குப் போனார். திரும்பி வந்து குழுவிடம் அவர் வைத்த நிபந்தனை: பகல் 12 மணிக்கு வருவேன், 4 மணிக்குக் கிளம்பிவிடுவேன், மிச்ச நேரம் குடும்பத்துக்கு. டிரம்மர் லார்ஸ் உல்ரிக்குக்கு வந்த கோபத்தை குழுவைப் பற்றி 2004இல் வெளியான ஆவணப்படத்தில் பார்க்கலாம். மகளின் பாலே நடன வகுப்பில் ஜேம்ஸ் உட்கார்ந்திருக்கும் காட்சியும் அதில் வருகிறது. எந்தக் கச்சேரியைவிடவும் எனக்கு அதுதான் பெரிது. 2022இல் அவருடைய திருமணம் விவாகரத்துக்குப் போனது உண்மைதான். அதற்காக அந்த நாலு மணிக் கணக்கு வீணென்று நான் சொல்ல மாட்டேன்.

எல்லாக் கதையும் இப்படித் தேற்றுவதாக இல்லை. பிளாக் சபாத் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் 1989இல் போதையில் மனைவி ஷாரனின் கழுத்தை நெரித்துக் கைதானவர். 2025 ஜூலையில் அவர் இறக்கும்வரை ஷாரன் கூடவே இருந்தார் என்பதைப் பலர் காதல் காவியமாக எழுதுகிறார்கள். எனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. அவருடைய தொழிலையும் வீட்டையும் சேர்த்துச் சுமந்தவர் அந்தப் பெண்.

கேள்வி: இவர்களுடைய பிள்ளைகளும் இதே பாட்டுக்குத்தான் வருகிறார்களா?
(அதே வாசகி)

பதில்: சிலர் வருகிறார்கள். ஜேம்ஸின் மகன் காஸ்டர் ஒரு மெட்டல் குழுவில் டிரம்மர். மெட்டாலிக்காவின் பாஸ் கிடார் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோவின் மகன் டை, 2017இல் கோர்ன் குழுவோடு தென் அமெரிக்க மேடைகளில் வாசித்தபோது அவனுக்கு வயது 12தான்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தவர் ஓஸி, ஷாரன் தம்பதியின் மூத்த மகள் ஏமி. 2002இல் எம்டிவி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி அவர்கள் வீட்டுக்குள் கேமராவை வைத்து அன்றாட வாழ்க்கையை நிகழ்ச்சியாக்கியது. தம்பியும் தங்கையும் அதனால் புகழ் பெற்றார்கள். ஏமி மட்டும் முடியாது என்று சொல்லி வீட்டை விட்டே வெளியேறினார். அப்புறம் தனியாகப் பாட ஆரம்பித்தபோதும் குடும்பப் பெயரைப் போட்டுக்கொள்ளாமல் ஏ.ஆர்.ஓ. என்று வெறும் முதலெழுத்துகளில்தான் வெளியிட்டார். வீட்டுக்குள் நடப்பது வீட்டோடு இருக்கட்டும் என்று அந்த வயதிலேயே அவ்வளவு உறுதியாக நின்ற பெண்ணை எனக்குப் பிடிக்காமல் எப்படி?