சோக் போட்டால்தான் பைக் ஓடுகிறது, எடுத்தால் ஆஃப் ஆகிறது. கார்ப்பரேட்டரையே மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மண்டபம் ஊரில் வீட்டு வாசலில் இரண்டு மாதம் எடுக்காமல் நின்ற பழைய 100 சிசி வண்டி என்கிறீர்கள். ஸ்லோ ஜெட் (ஆக்ஸிலரேட்டர் முறுக்காதபோது பெட்ரோல் விடும், கார்ப்பரேட்டருக்குள் உள்ள சின்னப் பித்தளைத் துளைத் திருகு) அடைத்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சோக் போட்டால் காற்று குறைந்து கலவையில் பெட்ரோல் கூடும். அதில் வண்டி சமாளிக்கிறது, அவ்வளவுதான்.

டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் பெட்ரோல் காக்கை மூடி, கார்ப்பரேட்டர் அடியிலுள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் பிரிந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரையில் ஈரத்துக்கா பஞ்சம்? கார்ப்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தைக் கழற்றினால் மூலைகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கலாம், உலோகம் அரித்த தடம் அது.

ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசிமுனை அளவு ஒளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்ப் கிளீனர் அடித்து, சற்று ஊறவிட்டுக் காற்றடியுங்கள். ஊக்கு, குண்டூசி விட்டுக் குத்துகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பித்தளை மென்மையானது; துளை பெரிதானால் மைலேஜ் போச்சு. ரப்பர் ஓ-ரிங்குகளை எடுத்துவிட்டே ஸ்ப்ரே அடியுங்கள்.

காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் மெதுவாக முட்டும்வரை உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எழுதிவையுங்கள். மாட்டும்போது அதே கணக்கு. இறுக்கினால் நுனி கெடும்.

டேங்க்கில் உள்ள பழைய பெட்ரோலையும் வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப அடைக்கும். இனி வண்டியை நிறுத்திப் போட்டால், காக்கை மூடிக் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டுப் போங்கள்.