அண்ணாச்சி பதில்கள்: ஒட்டாவாவுல ஒரு மத்தியானச் சாப்பாடு

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, கனடாவுல ரிட்டயர் ஆன தூதருங்க மாசா மாசம் கூடிப் பேசுறத பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன். அத பிடிச்சுக்கிட்டு நம்ம ஜில்லாவுல இருந்தே இத்தன பேர் கேப்பீங்கன்னு நெனைக்கல. மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு வச்சிட்டு இந்த வாட்டி இத மட்டும் பேசிருவோம்.

அண்ணாச்சி, எம் மக ஒட்டாவாவுல இருக்கா. எதுத்த வீட்டுல ஒரு பெரியவர், தூதரா இருந்து ஓய்வு பெத்தவராம், எம்பது வயசுக்கு மேல இருக்கும். அந்தப் பனியிலயும் கோட்டு, டை கட்டிக்கிட்டு சங்கத்து லஞ்சுக்குன்னு கெளம்பிருதாரு. அப்படி என்னதான் பேசுவாங்க?
*ஓய்வுபெற்ற கருவூல ஊழியர், பாளையங்கோட்டை*

அவர் எங்க போறாருன்னு கேட்டிருந்தீங்கன்னா ரொம்ப சந்தோசமா சொல்லியிருப்பாரு. வெளிநாட்டுல கனடாவோட தூதரகத்துக்குத் தலைமையா இருந்தவங்களுக்குன்னே அங்க ரிட்டயர்ட் ஹெட்ஸ் ஆஃப் மிஷன் அசோசியேஷன்னு ஒண்ணு உண்டு, சுருக்கி ரோமான்னு சொல்லுவாங்க. இதுபோக ஒரே ஊர்ல வேல பாத்தவங்க, ஒரே வருசம் சேந்தவங்க, வெளிநாட்டுல கனடா வியாபாரத்தப் பாத்துக்கிட்ட ட்ரேட் கமிஷனர்ங்கன்னு தனித்தனியாவும் கூடுவாங்க. சாப்பாடு, யாராவது ஒருத்தர் பேச்சு, அப்புறம் விசாரிப்பு. அந்த விசாரிப்புக்குத்தான் எல்லாரும் வாராங்கன்னு நான் நெனைக்கேன். யாருக்கு ஆபரேஷன், யாரு ஒட்டாவாவ விட்டு மக வீட்டோட போயிட்டாரு, யாரு காலமாயிட்டாரு, அவர் சம்சாரம் இப்ப தனியா இருக்காங்களா, யாராவது போய்ப் பாத்தீங்களா, இதான் நியூஸ்.

இதுல என்ன இருக்குன்னு தோணலாம். நம்மள மாதிரி கருவூலத்துலயோ பள்ளிக்கூடத்துலயோ வேல பாத்தவனுக்கு ரிட்டயர் ஆனாலும் தெரு இருக்கு, கோயில் இருக்கு, நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு ஆனி மாசம் வந்தா கூடப் படிச்சவன் நாலு பேர் கண்ணுல படுதான், டீக்கடையில உக்காந்தா பேச்சுக்கு ஆளு இருக்கு. தூதருங்களுக்கு அந்தத் தெருவே கெடையாது. மூணு வருசம் ஒரு நாடு, நாலு வருசம் இன்னொரு நாடு, நடுவுல தலைமை அலுவலகத்துல கொஞ்ச காலம், மறுபடியும் பெட்டியக் கட்டணும். பிள்ளைங்க பத்தாப்பு முடிக்கிறதுக்குள்ள நாலு பள்ளிக்கூடம் மாறியிருக்கும். முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு ஊரோட வந்து உக்காந்தா பக்கத்து வீட்டுக்காரனுக்கு லேகோஸ்ல தண்ணி இல்லாம தவிச்ச கதையும் புரியாது, ஒரு நாட்டுல ராத்திரியோட ராத்திரியா ஆட்சி கவுந்தப்ப ஃபைல எரிச்ச கதையும் புரியாது. அத அனுபவிச்ச இன்னொரு ஆளு வேணும்லா. எதுத்த வீட்டுப் பெரியவரு டை கட்டிக்கிட்டுப் போறது அந்த ஆளத் தேடித்தான்.

ஒரு விசயம் சொல்லுதேன். லெஸ்டர் பியர்சன் கனடாவோட வெளியுறவு அமைச்சரா இருந்தவரு, எகிப்துல சூயஸ் கால்வாய்ப் பிரச்சினையில ஐநா படைய அனுப்பி வச்ச முயற்சிக்காக 1957ல நோபல் அமைதிப் பரிசு வாங்குனவரு, 1963ல இருந்து 1968 வரைக்கும் பிரதமரு. நாட்டுலயே பெரிய எடத்துல எல்லாரும் கும்பிடுற மாதிரி புதைச்சிருக்கலாம். ஆனா அவர் ஒட்டாவாவுக்கு வடக்க, கியூபெக் மாகாணத்துல வேக்ஃபீல்டுன்னு ஒரு சின்ன ஊரு கல்லறையில கெடக்காரு, பக்கத்துலயே ஹ்யூம் ராங், நார்மன் ராபர்ட்சன், ரெண்டு பேரும் இவரு கூட வெளியுறவுத் துறையில வேல பாத்த சேக்காளிங்க. பிரதமர் ஆனதுக்கு அப்புறமும் அவருக்கு ஆபீஸ் கூட்டாளிங்கதான் சொந்தம்னு இருந்திருக்கு பாருங்க. இதப் படிச்சதுல இருந்து அந்த லஞ்ச் கூட்டத்த வெறும் பொழுதுபோக்குன்னு என்னால நெனைக்க முடியல.

ட்ரேட் கமிஷனர்னு தனியா சொல்லுதீங்களே, அவங்களும் தூதருங்கதானே? ரெண்டு கூட்டம் எதுக்கு?
*கிளியரிங் ஏஜென்ட் அலுவலக ஊழியர், தூத்துக்குடி*

இப்ப ஒரே துறைதான், ஆனா வம்சம் வேற. வயசுல மூத்தது வியாபாரம்தான். 1894ல ஜான் ஷார்ட் லார்க்குன்னு ஒருத்தர கனடாவோட மொத ட்ரேட் கமிஷனரா ஆஸ்திரேலியாவுக்கு நியமிச்சாங்க, மறு வருசம் சிட்னியில போய் எறங்குனாரு. வெளியுறவுத் துறை வந்தது 1909லதான், அதுவும் ஒட்டாவாவுல ஒரு சலூன் கடைக்கு மேல இருந்த ரூம்கள்ல. அதுக்கப்புறமும் எழுபது வருசத்துக்கு மேல ட்ரேட் ஆளுங்க வேற மந்திரிக்குக் கீழ, தூதர் ஆளுங்க வேற மந்திரிக்குக் கீழ, 1982லதான் ரெண்டையும் ஒண்ணாக்குனாங்க. நாப்பது வருசம் ஆயிட்டாலும் பழைய ட்ரேட் ஆளுங்களுக்கு நாங்கதான் மூத்தவங்கன்னு ஒரு பெரும இருக்கும், அது நியாயமான பெருமதான்.

இவங்க வேல உங்களுக்குத்தான் நல்லாப் புரியும். நம்ம ஹார்பர்ல கனடா மஞ்சப் பட்டாணி எறங்குறது உங்களுக்குத் தெரியாததா. கடலப்பருப்பு வெல ஏறுனா அந்தப் பட்டாணிப் பருப்புதான் நம்ம ஊரு வடைக்கும் பஜ்ஜி மாவுக்கும் போகுது. நான் ஒரு வாட்டி உங்க ஊர் குடோன் ஒண்ணுல பாத்திருக்கேன், சரக்கு பாக்குற ஒரு பெரியவரு மூட்டையோட வயித்துல ஊசிக்கம்பியக் குத்தி இழுப்பாரு, உள்ளங்கையில நாலஞ்சு பட்டாணி விழும், அத வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஓட்ட இருக்கா, பூச்சி இருக்கா, உடைசல் எவ்வளவுன்னு ஒரு நிமிசத்துல சொல்லிருவாரு. அந்த வண்டுக்காகத்தான் இந்தியாவுக்கும் கனடாவுக்கும் எத்தன வருசம் இழுபறி! கப்பல்ல ஏத்துறதுக்கு முன்னாடியே மெத்தில் புரோமைடு பொக போட்டு அனுப்புன்னு நம்ம சட்டம், எங்க ஊர் குளிர்ல அந்த மருந்து சரியா வேல செய்யாது, அந்தக் குளிர்ல பூச்சியும் தங்காதுன்னு அவங்க வாதம், நம்ம ஆளுங்க பல வருசமா விலக்கக் கொடுத்துக் கொடுத்து நீட்டிச்சாங்க. ஒவ்வொரு வாட்டியும் கெடு முடியுறதுக்குள்ள டெல்லியில ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்குறது இந்த ட்ரேட் ஆளுங்கதான். 2017 நவம்பர்ல மஞ்சப் பட்டாணிக்கு 50 சதவீதம் வரி போட்டப்ப அங்க சஸ்காட்செவான் மாகாணத்து விவசாயிக்கு விழுந்த அடிய மொதல்ல ஊருக்குச் சொன்னவங்களும் அவங்களாத்தான் இருக்கணும்.

இன்னொண்ணும் சொல்லணும். ஈரான்ல 1979ல அமெரிக்கத் தூதரகத்த மாணவருங்க பிடிச்சப்ப தப்பிச்சு வந்த ஆறு அமெரிக்கருங்கள கனடா ஆளுங்க வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சு 1980 ஜனவரியில பத்திரமா வெளிய அனுப்புனாங்க. அப்ப தூதரா இருந்த கென் டெய்லர் ட்ரேட் கமிஷனரா வேலைக்குச் சேந்தவரு. அவர் பேரு எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த ஆறு பேர்ல சிலர மொதல்ல தன் வீட்டுலயே ஏத்துக்கிட்டது ஜான் ஷியர்டவுன்னு இமிகிரேஷன் அதிகாரி, அவரும் அவர் சம்சாரமும். ரெண்டு மாசத்துக்கு மேல அடுத்தவன் உயிர வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு, கடைக்குப் போனா கூட ஒருத்தருக்கும் சந்தேகம் வராம சாமான் வாங்கணும்லா. இந்த மாதிரி ஆளுங்கள வருசா வருசம் பேர் சொல்லி நெனச்சுப் பாக்குறதுக்கு அந்தக் கூட்டத்த விட்டா வேற எடம் எது?

எங்க வீட்டுக்காரர் மத்திய அரசு வேல, நான் அவர் பின்னாடியே பன்னெண்டு ஊர் சுத்துனேன். இந்தத் தூதருங்க கூட்டத்துல பொம்பளைங்களுக்கு எடம் உண்டா?
*வாசகி, கல்லிடைக்குறிச்சி*

உங்க கேள்விக்குத்தான் தாயீ நான் காத்துக்கிட்டு இருந்தேன். கனடாவுல பொம்பளைங்கள வெளியுறவு அதிகாரியா பரீட்ச எழுத விட்டதே 1947லதான். மார்கரெட் மீகர்னு ஒரு அம்மா 1958ல இஸ்ரேலுக்குத் தூதரா போனாங்க, கனடாவோட மொத பெண் தூதர் அவங்கதான். ஆனா கலியாணம் ஆனா வேலைய விட்டுறணும்ங்கிற வழக்கம் அந்தத் துறையில ரொம்ப காலம் ஓடுச்சு. நம்ம நாடும் சும்மா இல்ல. 1949ல ஐஎஃப்எஸ்ல, அதாவது இந்திய வெளியுறவுப் பணியில, சேந்த மொத பெண் சி.பி. முத்தம்மா, குடகு நாட்டுக்காரங்க, மெட்ராஸ்ல படிச்சவங்க. பெண் அதிகாரி கலியாணம் பண்ண அரசாங்கத்துக்கிட்ட அனுமதி வாங்கணும், குடும்பத்தால வேல கெடும்னு தோணுனா ராஜினாமா செய்யச் சொல்லலாம்னு விதி இருந்துச்சு. பதவி உயர்வு மறுக்கப்பட்டப்ப அந்த அம்மா சுப்ரீம் கோர்ட்டுக்கே போனாங்க. 1979ல நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளக் கடுமையா கண்டிச்சு எழுதுனாரு.

இது அதிகாரியம்மா கத. சம்சாரமா போனவங்க கத எங்கயும் எழுதல. ஊர் ஊரா புது வீடு, புது பாச, ராத்திரி முப்பது பேருக்கு விருந்து, தனக்குன்னு ஒரு வேலையும் பாக்க முடியாது, சம்பளம் ஒரு பைசா கெடையாது, ஆனா அந்த விருந்துல நடந்த பேச்சுலதான் பாதி காரியம் முடிஞ்சிருக்கும். அதனாலதான் புருசன் போனதுக்கு அப்புறமும் அவங்கள சங்கத்துப் பட்டியல்ல இருந்து எடுக்கக் கூடாதுங்கிறேன், அவங்களும் சர்வீஸ் பாத்தவங்கதான். நீங்க பன்னெண்டு ஊர் பாத்திருக்கீங்க, அத ஒரு நோட்டுல எழுதுங்க. எனக்கு அனுப்புனா இந்தப் பத்திரிகையிலயே போடச் சொல்லுதேன்.

கனடாக்காரன் நம்ம தமிழ்நாட்டுக்கு ஏதும் செஞ்சிருக்கானா?
*வாசகர், அம்பாசமுத்திரம்*

உங்க ஊர் பக்கத்துப் பாபநாசம் பவர் ஹவுஸ் வெள்ளக்காரன் காலத்துது. அதுக்கப்புறம் நீலகிரியில வந்த குந்தா நீர்மின் திட்டத்துக்கு கொழும்புத் திட்டம்ங்கிற காமன்வெல்த் நாடுங்களோட உதவித் திட்டத்துல கனடா பணமும் மிஷினும் கொடுத்துச்சு. ஈபியில ரிட்டயர் ஆன பெரியவங்க யாரும் உங்க தெருவுல இருந்தா குந்தாவப் பத்திக் கேட்டுப் பாருங்க. தமிழ்நாட்டுக்கு வெளிய, மும்பை டிராம்பேயில சைரஸ் அணு உலையும் கனடா உதவியிலதான் வந்துச்சு, 1974 பொக்ரான் சோதனைக்கு அப்புறம் கோபத்துல அணு ஒத்துழைப்ப நிப்பாட்டிட்டாங்க. அந்தக் காலத்துல டெல்லியில இருந்த கனடா அதிகாரிங்களுக்கு அது வாழ்நாள் வருத்தமா இருந்திருக்கும்.

2023ல ரெண்டு நாட்டுக்கும் சண்ட வந்து எம் பையன் விசா மாசக்கணக்கா இழுத்துச்சு. ரிட்டயர் ஆன தூதருங்களால இதுல ஏதும் செய்ய முடியுமா?
*வாசகர், வள்ளியூர்*

விசாவுக்கு அவங்களால ஒண்ணும் செய்ய முடியாது. அந்த வருசம் அக்டோபர்ல கனடா தன்னோட 41 அதிகாரிங்கள இந்தியாவுல இருந்து திருப்பி எடுத்துச்சு, அவ்வளவு பேர் போனா ஃபைல் தேங்கத்தான் செய்யும், உங்க பையன் மாதிரி பிள்ளைங்கதான் அதுல மாட்டுனாங்க. அடுத்த வருசம் ரெண்டு பக்கமும் ஆறு ஆறு பேர வெளியேத்துனாங்க. 2025ல தான் ரெண்டு நாடும் மறுபடி ஹை கமிஷனர்ங்கிற தூதர போட்டாங்க. ஆனா பதவியில இருக்கவன் வாயத் தெறக்க முடியாத நேரத்துல ரிட்டயர் ஆனவன் பேசலாம், பேப்பர்ல எழுதலாம், அந்தப் பக்கத்துல தன் வயசு ஆளுக்குப் போன் போட்டு என்னப்பா நடக்குன்னு கேக்கலாம். கதவ மூடுன பெறகு ஜன்னல் வழியா பேசுறது அது. டெல்லியிலயும் ஓய்வுபெத்த நம்ம தூதருங்களுக்கு அசோசியேஷன் ஆஃப் இந்தியன் டிப்ளமாட்ஸ்னு சங்கம் இருக்கு, பத்திரிகையும் நடத்துதாங்க.

நாங்களும் பாளையில பென்ஷனர் கூட்டம் நடத்துதோம். வருசா வருசம் ஆளு கொறையுது, வாலிபப் பென்ஷனர் யாரும் வரமாட்டேங்காங்க. என்ன செய்யலாம்?
*சங்கச் செயலாளர், பாளையங்கோட்டை*

உங்க கூட்டத்துக்கு நான் வந்திருக்கேன், அதனால மனசுல பட்டத சொல்லுதேன், கோவிக்காதீங்க. மூணு மணி நேரத்துல ரெண்டே கால் மணி நேரம் மேடைப் பேச்சு, பொன்னாடை, தீர்மானம். கடைசி வரிசையில ஒரு ஆச்சி மஞ்சப் பையில குடும்ப பென்ஷன் பேப்பர வச்சுக்கிட்டு யாருக்கிட்ட கேக்கன்னு தெரியாம உக்காந்திருந்தாங்க, கூட்டம் முடிஞ்சு சுண்டல் வாங்கிட்டு அப்படியே போயிட்டாங்க. அந்த ஆச்சி பேப்பர ஒருத்தர் வாங்கிப் பாத்திருந்தா அடுத்த மாசம் அவங்க தெருவுல இருந்து நாலு பேர் வந்திருப்பாங்க.

அதனால மொதல்ல பேச்ச அர மணி நேரமா கொறைங்க. ஒரு மேசையப் போட்டு கணக்கு தெரிஞ்ச ரெண்டு பேர பேப்பர் பாக்க மட்டும் உக்கார வைங்க. நவம்பர்ல மத்திய அரசு பென்ஷனர் எல்லாரும் உயிர்வாழ் சான்றுக்கு அலையுவாங்க, அந்த மாசக் கூட்டத்துலயே போன்ல முகத்தக் காட்டிப் பதிவு பண்ணிக் கொடுக்க ஒரு காலேஜ் பிள்ளைய ஏற்பாடு பண்ணுங்க. மாசம் ஒரு பக்கத்துக்குத் தாள் அடிங்க, வாட்ஸப்ல மட்டும் போட்டா கண்ணு தெரியாதவங்களுக்குப் போய்ச் சேராது. அதுல தீர்மானம் வேண்டாம். யாருக்கு ஒடம்பு சரியில்ல, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில எந்த வார்டு, யார் வீட்டுல பேத்தி கலியாணம், யார் தவறிட்டாரு, பதினாறாம் நாள் என்னைக்கு, இது போதும். காலமானவரு என்ன வேல பாத்தாரு, எந்தெந்த ஊர்னு அஞ்சு வரி கட்டாயம் எழுதுங்க, அவர் பேரப்பிள்ளைங்க அத வெட்டி வச்சுக்குவாங்க.

வாலிபப் பென்ஷனருக்கு வேல கொடுங்க, வருவாங்க. டூவீலர் ஓட்டுறவன் நாலு பேரு, நடக்க முடியாதவங்கள ஆளுக்கு ஒருத்தரா ஏத்திக்கிட்டு வந்து திருப்பி விடணும்னு பொறுப்பக் கொடுங்க. ஏறும்போதும் எறங்கும்போதும் பேசுற பேச்சுலதான் பழைய ஆபீஸ் கத எல்லாம் வரும், அதுல ஒருத்தன் போன்ல ரெக்கார்டு பண்ணட்டும். 1992ல தாமிரபரணி வெள்ளம் வந்தப்ப எந்த ஆபீஸ் ஃபைல யார் தோள்ல தூக்கிக்கிட்டு மாடிக்கு ஓடுனாங்கன்னு சொல்ல இன்னும் ஆளு இருக்காங்க, அவங்களுக்கும் எம்பது ஆவுது. அடுத்த கூட்டம் என்னைக்குன்னு எழுதுங்க, அந்தப் பேப்பர் பாக்குற மேசையில நானும் உக்காருதேன்.