ஹல்லாவின் ஸட்ஜம்

அன்புள்ள சார்,

ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் பற்றிய உங்கள் கட்டுரையில், அவர் எழுதிய ஆபராவுக்கு (இசை நாடகம்) இசையமைத்த ஜான் ஹல்லாவைப் 'பிழைக்கத் தெரியாத பாட்டு வாத்தியார்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். இருபது வருடமாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள் நான். சுருக்கென்றது.

ஒரு வாசகி

வணக்கம்.

சரி, அந்த வரி தப்புதான். டிக்கன்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பக்கத்தில் நின்றவரை இடித்துத் தள்ளியிருக்கிறேன்.

அந்த ஆபரா 1836இல் மேடையேறியபோது இருவருக்குமே வயது 24. ஹல்லா அதோடு நின்றிருந்தால் நான் எழுதியதில் பெரிய பிழை இல்லை. ஆனால் அவர் பாரிஸுக்குப் போய், வில்லெம் என்பவர் தொழிலாளிகளைக் கூட்டம் கூட்டமாக உட்காரவைத்துப் பாடச் சொல்லித்தருவதைப் பார்த்துவிட்டு வந்து, 1841இல் லண்டன் எக்ஸெட்டர் ஹாலில் பள்ளி ஆசிரியர்களுக்கு வகுப்பு தொடங்கினார். பாட்டு என்றால் பணக்கார வீட்டு பியானோ என்றிருந்த ஊரில் இது சின்ன விஷயமில்லை.

சிக்கல் பாடமுறையில் இருந்தது. அதில் 'டோ' (நம் 'ஸ' மாதிரி, மேற்கத்திய வரிசையின் முதல் சுரம்) என்றால் எப்போதும் ஸி சுரம்தான், நகராது. உங்களுக்குச் சட்டென்று புரியும்: ஒரு கட்டைதான் (அந்த ஸி சுருதி) என்றென்றைக்கும் ஸட்ஜம், அதாவது 'ஸ', என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்களிடம் ஐந்து கட்டையில் (ஜி சுருதி) பாடும் பெண் முதல் பாடமான சரளி வரிசையை 'ப த நி ஸ ரி க ம ப' என்று பாட வேண்டும், அதிலும் அந்த 'ம' பிரதி மத்தியமம், சாதாரண 'ம'வைவிட அரைச் சுரம் உயர்ந்தது! ஹல்லாவின் மாணவர்கள் ஸி சுருதியில் ஜோராகப் பாடிவிட்டு, வேறு சுருதிக்கு வந்ததும் தடுமாறினார்கள். நாரிச்சில் சாரா குளோவர் என்ற ஆசிரியை முன்பே, பாடும் சுருதிக்கேற்ப நகரும் 'டோ'வை வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். பாதிரியார் ஜான் கர்வன் அதை எடுத்து வளர்த்தார், ஊரும் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஹல்லா மட்டும் கடைசிவரை அசையவில்லை.

பணம் போன கதை தனி. மாணவர்களும் நண்பர்களும் சந்தா போட்டு அவருக்காகக் கட்டிய செயின்ட் மார்ட்டின்ஸ் ஹால் 1860இல் எரிந்துபோனது, அவரும் நொடித்துப்போனார். (திரும்பக் கட்டிய அதே ஹாலில்தான் 1864இல் முதலாம் அகிலம் என்ற சர்வதேசத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, மேடையில் மார்க்ஸ் உட்கார்ந்திருந்தார்.) தீப்பிடித்ததற்கு 'பிழைக்கத் தெரியாதவர்' என்று நான் எழுதியது அநியாயம்.

வரியை மாற்றிவிடுகிறேன். 'பிடிவாதக்கார வாத்தியார்' என்று போட்டால் உங்களுக்குச் சம்மதமா?