மலைச் சொல் சோறு போடுமா?

அம்மா, பிளஸ் டூ படிக்கிற பெண் ‘சொற்பிறப்பியல்தான், சொற்கள் எப்படிப் பிறந்தன என்கிற ஆராய்ச்சிதான் படிப்பேன்’ என்று நின்றால் எந்த வீட்டிலும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். அன்று உங்கள் பெண்ணின் நோட்டைப் புரட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே சொல், முன்னால் நட்சத்திரக் குறியோடு: ‘கொரா’.

அந்தக் குறி, இந்த வடிவம் எந்த ஏட்டிலும் இல்லை, ஒப்பிட்டுக் கணித்தது என்று சொல்கிறது. ரஷ்யன், போலிஷ் போன்ற ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாயான மொழியில் மலைக்கான சொல் இது. அந்த மொழி எழுதப்பட்டதே இல்லை. 9-ஆம் நூற்றாண்டில்தான் ஸ்லாவியருக்கு எழுத்து வந்தது. ரஷ்யனில் ‘கரா’, போலிஷில் ‘குரா’, செக்கில் ‘ஹொரா’ எல்லாம் மலை. பல்கேரியனிலோ ‘கொரா’ காடு! லிதுவேனியனின் உறவுச் சொல் ‘கிரியா’வும் காடுதான். மலையும் அதன்மேல் மண்டிய மரமும் ஒரே சொல்லுக்குள் கலந்துவிட்டன. சமஸ்கிருத ‘கிரி’யும் இந்தக் குடும்பமே. அதாவது நீலகிரியின் பின்பாதி, மாண்டினீக்ரோ நாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டைச் சொல்லும் ‘த்ஸ்ர்னா கொரா’வுக்கு, கருமலைக்கு, தூரத்துச் சொந்தம்.

இது ருசியான பகுதி. இதை நம்பி மட்டும் சேர்த்துவிடாதீர்கள். இலக்கணம் வேறு மாதிரி. இந்தச் சொல் பெண்பால், ஆகாரத்தில் முடிவது. அந்தத் தாய் மொழியில், இரண்டாம் வேற்றுமையில் அந்த ஆகாரம் மூக்கு வழியாக ஒலிக்கிற உயிராகிவிடும். ரஷ்யனில் எழுவாயாக வரும்போது அழுத்தம் கடைசி அசையில், ‘கரா’. செயப்படுபொருளானால் முதல் அசைக்குத் தாவி ‘கோரு’. ஏன் தாவுகிறது என்று உங்கள் பெண்ணிடம் கேட்டேன். தப்பாகச் சொன்னாள். மறுநாள் காலையில் அவளே போன் பண்ணி, ஸ்லாவியத் தாய் மொழியிலேயே அழுத்தம் இடம் மாறுகிற சொல்வகை இது என்று திருத்தினாள். அதனால்தான் ‘சரி’ என்கிறேன்.

இதற்கென்றே வேலை நம் நாட்டில் மிகக் குறைவு, மறைக்க விரும்பவில்லை. அதனால் பி.ஏ.வில் ரஷ்ய மொழி எடுக்கட்டும், டெல்லி ஜே.என்.யூ.வில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு வேலைக்காவது அது கைகொடுக்கும். அப்புறம் எம்.ஏ. மொழியியல், புனே டெக்கான் கல்லூரியிலோ அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ. நெட் தேர்வில் மொழியியல் தனிப் பாடமாகவே இருப்பதால் கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் வழி உண்டு. சமஸ்கிருதத்தை இந்த விடுமுறையிலேயே தொடங்கச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது அவள் அப்பாவையும் கூட்டி வாருங்கள். கேள்வி அதிகம் அவரிடம்தான் இருக்கும்.