சிப்பியில் துளை போடுவது யார்?

கேள்வி (பெசன்ட் நகர்): அண்ணா, எலியட்ஸ் பீச்சில் பொறுக்குகிற மட்டி ஓடுகள் பலவற்றில் மூட்டுக்குப் பக்கத்தில் அச்சு வார்த்தது போல ஒரே ஒரு வட்டத் துளை இருக்கிறது. மாலை கோர்க்க யாராவது துளைத்துப் போட்டதா?

பதில்: மனிதர் யாரும் கை வைக்கவில்லை. அது வேட்டையாடும் நத்தையின் வேலை. நம் கரையில் கிடைக்கும் நாட்டிகா டைக்ரினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டையாக, வெள்ளை ஓட்டில் பழுப்புப் புள்ளிகளோடு, கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். மணலுக்குள்ளேயே ஊர்ந்து போய் மட்டியைப் பிடித்துத் தன் அகலமான காலால் சுற்றிக்கொள்ளும். அப்புறம்தான் நிஜ வேலை. நீளும் வாயின் அடிப்பக்கத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து கசியும் அமிலம் ஓட்டின் சுண்ணாம்பை இளக்க, நாக்கில் வரிசையாக இருக்கும் பற்கள் அதைச் சுரண்ட, மறுபடி அமிலம், மறுபடி சுரண்டல் என்று விடாமல் நடக்கும். ஒரு நாள் முழுக்கக் குடைந்தாலும் அரை மில்லிமீட்டர் ஆழம் போனால் பெரிது. துளை விழுந்ததும் வாயை உள்ளே விட்டுச் சதையைத் தின்றுவிடும். இவ்வளவு பொறுமையான வேட்டைக்காரனை நான் கடலில் வேறு பார்த்ததில்லை!

கேள்வி (ராயபுரம்): எல்லாத் துளையும் இதுதான் போடுகிறதா சார்?

பதில்: இல்லை. துளையின் விளிம்பைப் பாருங்கள். வெளியே அகலமாகவும் உள்ளே குறுகியும் கிண்ணம் போல் சரிந்திருந்தால் நாட்டிகா குடும்பம். சுவர் ஏறக்குறைய நேராக இறங்கினால் மியூரெக்ஸ் என்ற வேறொரு நத்தைக் குடும்பமாக இருக்கலாம். அவை பெரும்பாலும் கடலரிப்பைத் தடுக்கப் போடும் தூண்டில் வளைவுக் கற்கள் மாதிரியான இடங்களில் ஒட்டியிருக்கும் ஆளி, கொட்டலசு இவற்றைத் துளைப்பவை, அமிலச் சுரப்பியும் வாயில் இல்லாமல் காலில் இருக்கும்.

கேள்வி: என்னிடம் உள்ள ஒன்றில் துளை பாதியில் நிற்கிறதே?

பதில்: மட்டி தப்பியிருக்கும், அல்லது அலை இரண்டையும் பிரித்திருக்கும். அதைத் தூக்கிப் போடாதீர்கள், நல்ல மாதிரி அது.

கேள்வி (திருவான்மியூர்): மணலால் செய்த சட்டைக் காலர் மாதிரி ஒன்று ஒதுங்கியிருந்தது. குப்பையா?

பதில்: ஐயோ, முட்டைங்க! நாட்டிகா குடும்பத்து நத்தைகள் மணலைச் சளியால் ஒட்டி அந்த வளையத்துக்குள் முட்டை வைக்கும். ஈரமாக, வளைந்து கொடுத்தால் தயவுசெய்து தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நாட்டிகா ஓடுகளை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா அண்ணா என்று என் மகள் கேட்கச் சொல்கிறாள்.

பதில்: கண்ணு, முதலில் வாய்ப்பக்கம் பாரு. வெள்ளையாக, கெட்டியாக ஒரு மூடி அடைத்திருந்தால் நத்தை உள்ளே இருக்கிறது. கால்கள் தெரிந்தால் துறவி நண்டு குடியிருக்கிறது. இரண்டும் இல்லை என்றால் எடுத்துக்கோ.