ஃபாமிகாம், என்.இ.எஸ்.: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஃபாமிகாம், என்.இ.எஸ்., நம்ம ஊரில் விற்ற மீடியா வீடியோ கேம் எல்லாம் ஒன்றுதானா?

பதில்: முதல் இரண்டும் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தின் வீடியோ கேம் மெஷின்கள், உள்ளே ஒரே வடிவமைப்பு. ஃபாமிகாம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென் விலையில் வந்தது. மசாயுகி உயெமுராவின் குழு வடிவமைத்தது. போட்டியாளர் யாரும் நெருங்க முடியாத விலையில் வேண்டும் என்பது தலைவர் ஹிரோஷி யமாவுச்சியின் கண்டிப்பு. அதனால்தான் 6502 என்ற சிப் வகையைச் சேர்ந்த 1.79 மெகாஹெர்ட்ஸ் ரிக்கோ நிறுவன சிபியு, வெறும் 2 கேபி ராம், படத்துக்குத் தனியாக 2 கேபி என்று எல்லாமே சிக்கனமாக இருக்கும்.

அமெரிக்காவில் 1983இல் வீடியோ கேம் சந்தை படுத்துவிட்டது. கேம் மெஷின் என்றாலே கடைக்காரர்கள் வாங்கத் தயங்கினார்கள். ஆகவே 1985 அக்டோபரில் நியூயார்க்கில் இறக்கியபோது, விசிஆர் போலத் தோன்றும்படி முன்பக்கம் கேசட் செருகும் சாம்பல் நிறப் பெட்டியாக மாற்றினார்கள். அதுதான் என்.இ.எஸ். மீடியா போன்றவை ஃபாமிகாமின் நகல்கள். ஃபாமிகாம் கேசட்டுக்கு 60 பின், என்.இ.எஸ்.ஸுக்கு 72 பின். நகல்களில் பெரும்பாலும் 60தான்.

கேள்வி: சார், என் என்.இ.எஸ்.ஸை ஆன் செய்தால் சிவப்பு விளக்கு விநாடிக்கு ஒருமுறை அணைந்து எரிகிறது, திரையும் கூடவே மின்னுகிறது. போர்டு போய்விட்டதா?

பதில்: போர்டு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். என்.இ.எஸ்.ஸுக்குள் ஒரு பூட்டு சிப், ஒவ்வொரு அசல் கேசட்டுக்குள்ளும் அதற்குச் சாவி சிப். அனுமதியில்லாத கேசட்டுகளைத் தடுக்க வைத்தது. இரண்டும் ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டும். பேச்சு அறுந்தால் பூட்டு சிப் சிபியுவை விநாடிக்கு ஒருமுறை ரீசெட் செய்யும். நீங்கள் பார்ப்பது அதைத்தான். விசிஆர் தோற்றத்துக்காகக் கேசட்டை உள்ளே தள்ளிக் கீழே அமுக்கும்படி செய்ததில், 72 பின் கனெக்டரின் கம்பிகள் ஒவ்வொரு முறையும் வளைந்து நாளடைவில் பிடிமானம் தளர்கின்றன. அழுக்கும் சேர்ந்தால் முதலில் அடிபடுவது இந்தப் பேச்சுதான்.

முதலில் கேசட்டின் செப்புப் பட்டைகளை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடையுங்கள். பட்ஸ் கறுக்காமல் வரும்வரை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். அதற்கும் சரியாகவில்லை என்றால் பெட்டியைத் திறங்கள், சாதாரண ஸ்டார் ஸ்க்ரூதான். கனெக்டர் போர்டின் விளிம்பில் செருகித்தான் இருக்கிறது, சால்டர் கிடையாது. பின்னுக்கு இழுத்தால் வந்துவிடும். அது உட்கார்ந்திருந்த போர்டு விளிம்பையும் துடையுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். புதிதாக விற்கும் மாற்றுக் கனெக்டர்கள் பல, கேசட்டை விடாப்பிடியாகக் கவ்வும். அசலைச் சுத்தம் செய்து மாட்டுவதே என் தேர்வு.

நிரந்தரத் தீர்வு ஒன்றும் உண்டு. பூட்டு சிப்பின் 4ஆம் காலை போர்டிலிருந்து விடுவித்துக் கிரவுண்டில் இணைத்தால் அது ரீசெட் செய்வதை நிறுத்திவிடும். ஆனால் கனெக்டர் அழுக்கு அப்படியே இருந்தால் விளக்கு மின்னாது, படம் மட்டும் குழம்பும்.

கேள்வி: கேசட்டை ஊதினால் சரியாகிறதே?

பதில்: ஊதியதால் சரியாவதில்லை. எடுத்து மறுபடி செருகும்போது பின் வேறு இடத்தில் படிகிறது, அதனால்தான் ஓடுகிறது. மூச்சின் ஈரம் பட்டைகளை அரிக்கும். தயவுசெய்து ஊதாதீர்கள்.

கேள்வி: ஒரே மரியோ, ஜப்பான் மெஷினில் விறுவிறுப்பு, நகலில் மந்தம். ஏன்?

பதில்: ஜப்பானில் விநாடிக்கு 60 முறை படம் மாறும், இந்தியாவின் பால் (PAL) எனும் டிவி ஒளிபரப்பு முறையில் 50 தடவை. கேம்கள் படத்துக்குப் படம் நகர்வதால், 60க்கு எழுதிய கேம் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். பாட்டின் தாளமும் அதே அளவுக்குக் குறையும். சுருதி வேறு கதை, அது சிபியு வேகத்தைப் பொறுத்தது. நின்டெண்டோவின் பால் மெஷினில் சிபியு 1.66 மெகாஹெர்ட்ஸ், அதனால் சுருதியும் இறங்கும். தைவானின் யுஎம்சி நிறுவனச் சிப்புகள் உள்ள நகல்களில் 1.77 வைத்தார்கள். ஆகவே தாளம் மந்தமானாலும் சுருதி கிட்டத்தட்ட அசல். ஜப்பான் கேசட்டை ஓட்டுவதற்கு, பால் என்.இ.எஸ்.ஸைவிட இந்த நகல்களே பொருத்தம் என்பேன்.

கேள்வி: எதிரிகள் கூட்டமாக வந்தால் உருவங்கள் மினுக்குகின்றன. சிப் பழுதா?

பதில்: பழுது இல்லை. ஒரு கிடைக்கோட்டில் 8 உருவத் துண்டுகளுக்கு மேல் வரையாது. ஒன்பதாவது அடியோடு காணாமல் போகக்கூடாது என்று கேமே ஒவ்வொரு படத்திலும் வரிசையை மாற்றிப் போடுகிறது. அந்த மினுக்கல் கேம் எழுதியவரின் சாமர்த்தியம்.

கேள்வி: ஜப்பானிலிருந்து ஃபாமிகாம் வருகிறது. நம்ம ஊர் அடாப்டர் போடலாமா?

பதில்: கூட வரும் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. 230இல் நேராகச் செருகினால் எரிந்துபோகும். ஃபாமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், நடுமுனை நெகட்டிவ். 9 வோல்ட், 1 ஆம்பியர் டிசி அடாப்டர் போதும், உள்ளே இருக்கும் 7805 என்ற மின்னழுத்தச் சீராக்கி அதை 5 வோல்ட் ஆக்கிக்கொள்ளும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ், மல்டிமீட்டரில் பார்க்காமல் செருக வேண்டாம். என்.இ.எஸ். அடாப்டர் ஏசி தருவது, அதை ஃபாமிகாமில் போடவே கூடாது. இன்னொன்று: பழைய ஃபாமிகாமின் ஆன்டெனா வெளியீடு ஜப்பான் சேனலுக்கானது, இங்கே படம் பிடிப்பது கடினம். 1993 டிசம்பரில் வந்த, வீடியோ கேபிளில் நேராக டிவியில் இணைக்கும் ஏவி மாடலை வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: கேம் துப்பாக்கி எல்சிடி டிவியில் சுடவில்லை.

பதில்: சுடாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, இலக்கு மட்டும் வெள்ளைக் கட்டமாகும். அந்த நொடித்துண்டில் துப்பாக்கி வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். எல்சிடி படத்தைத் தாமதமாகக் காட்டுகிறது. நின்டெண்டோவின் துப்பாக்கி, பழைய குழாய் டிவியின் 15 கிலோஹெர்ட்ஸ் துடிப்பையும் எதிர்பார்க்கிறது. குழாய் டிவி தேடுங்கள்.

கேள்வி: செல்டா கேம் கேசட்டில் சேவ் நிற்கவில்லை.

பதில்: உள்ளே இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கும். கேசட்டைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனி வகை ஸ்க்ரூடிரைவர் வேண்டும். தகடு பற்றவைத்த பேட்டரியாக வாங்கி, பிளஸ், மைனஸ் பார்த்துச் சால்டர் செய்யுங்கள். வெறும் பேட்டரியின் மேல் நேராகச் சால்டர் வைத்தால் சூட்டில் வெடிக்கலாம். மாட்டிய பிறகும், அணைக்கும்போது ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவரை அணையுங்கள். மின்னழுத்தம் விழும் அந்தக் கணத்தில் சிபியு தாறுமாறாக ஓடி சேவ் மேல் குப்பையை எழுதக்கூடும். ரீசெட் அதை நிறுத்தி வைக்கும்.